ஈப்பர் பதுங்குகுழிச் சுற்றுலா: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகும். ஆளுக்கு 110 யூரோ. காலை ஒன்பது மணிக்கு ஈப்பர் ரயில் நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டு மாலை ஐந்தரைக்குத் திரும்ப விடுகிறார்கள். எட்டுப் பேர் உட்காரும் வேன். மதியச் சாப்பாடும் நுழைவுச்சீட்டுகளும் அந்தக் காசுக்குள்ளேயே அடக்கம்.

பெல்ஜியத்தின் இந்தச் சின்ன ஊரைச் சுற்றி (பழைய வரலாற்றுப் புத்தகங்களில் ஈப்ரஸ் என்று இருக்கும்) முதல் உலகப் போர் இடங்களைக் காட்டும் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் கல்லறை, நினைவுச்சின்னம், அடுத்த கல்லறை என்று போகும். தளபதிகள் எந்த மேட்டைப் பிடித்தார்கள், எந்த மேட்டை விட்டார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். நாங்கள் போனது அப்படியல்ல. பதுங்குகுழியில் கிடந்த சாதாரணச் சிப்பாய் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், எவ்வளவு தோண்டினான் என்பதை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்கக் கொண்டுபோகிறார்கள். நடத்துவது உள்ளூர்க்காரர்களின் சிறிய நிறுவனம், இருப்பதே இரண்டு வேன்தான். கீழே சில குறைகளையும் எழுதப்போகிறேன். அதனால் அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம் என்று பெயரை விட்டுவிடுகிறேன். இதே வகைச் சுற்றை வேறு சிலரும் நடத்துகிறார்கள், எதைக் கேட்டுப் பதிவு செய்வது என்று தெரிந்தால் போதும்.

நான் ரோட்டர்டாம் பக்கம் நிலத்தடிக் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் சைட் சூப்பர்வைசர். என்னோடு வந்தவர் அப்பா. மெட்ராஸ் சேப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சேப்பர் என்றால் பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பதுங்குகுழி வெட்டுவது எல்லாம் செய்கிற படைப்பிரிவு. ஆக, எங்கள் இருவருக்கும் மண்ணைத் தோண்டுவதுதான் சோறு போட்ட தொழில். இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடுதான் இருக்கும்.

வழிகாட்டி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அந்த வட்டாரத்து விவசாயக் குடும்பம். கையில் மைக் இல்லை, சத்தம் போட்டும் பேசுவதில்லை. வேன் கிளம்பியதும் போர் எப்படித் தொடங்கியது என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டிக் காட்டியது சாலையோர வாய்க்காலை. இந்த ஊரில் மேல்மண்ணுக்கு அடியிலேயே களிமண் கிடக்கிறது, தண்ணீர் கீழே இறங்காது, அதனால்தான் பல நூற்றாண்டுகளாக இங்கே வாய்க்கால் வெட்டி வெட்டி வயலைக் காப்பாற்றி வந்தார்கள் என்றார். 1914-க்குப் பிறகு விழுந்த பீரங்கிக் குண்டுகள் அத்தனை வாய்க்காலையும் உடைத்துவிட்டன. மழைத் தண்ணீர் போக வழியில்லை. சிப்பாயின் கதை முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்றார். குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் டீவாட்டரிங் பம்போடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். அந்த ஒரு விளக்கத்துக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

முதல் நிறுத்தம் எசெக்ஸ் ஃபார்ம். கால்வாய்க் கரையில் தாழ்வான கான்கிரீட் அறைகள், காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்த இடம். கனடா மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் வேலை பார்த்தது இங்கேதான். பக்கத்துக் கல்லறையில் 15 வயதுப் பையன் ஒருவனின் கல் இருக்கிறது, 1916 ஜனவரியில் செத்தவன். எல்லோரும் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். வழிகாட்டி அந்தக் கல்லைக் காட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சர் தூக்கிகளைப் பற்றியும் சொன்னார். சாதாரண நிலத்தில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் போதும், இரண்டு பேர்கூடச் சமாளிப்பார்கள். 1917-இல் ஈப்பர் பக்கத்துப் பாஷண்டேல் போரின் சேற்றில் ஆறு பேர், எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள், அப்படியும் பல மணி நேரம் ஆகும். "அப்போ ஒருத்தன் அடிபட்டா எட்டுப் பேர் வேலை போச்சு" என்றார் அப்பா. அவர் கணக்கு எப்போதும் ஆள்கணக்குதான்.

அடுத்தது யார்க்ஷயர் ட்ரெஞ்ச். இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைக் கூரைகள், லாரிப் போக்குவரத்து. பேட்டையை விரிவாக்கியபோது உள்ளூர்த் தன்னார்வலர்கள் தோண்டிப் பார்த்து, 1915-இல் பிரிட்டிஷ் படை வெட்டிய பதுங்குகுழியையும், 1917-இல் நிலத்துக்கடியில் அமைத்த நிலவறையையும் கண்டுபிடித்தார்கள். பல சிப்பாய்களின் எலும்புகளும் கிடைத்தன. குழியின் ஒரு பகுதியை அதே இடத்தில், அதே வளைவுகளோடு மறுபடி கட்டியிருக்கிறார்கள். உள்ளே இறங்கி நடக்கலாம், கட்டணம் இல்லை.

நேர்கோட்டில் ஒரு குழியும் வெட்டமாட்டார்கள். சில மீட்டர் போனதும் ஒரு முட்டு, அதைச் சுற்றித் திரும்பினால் மறுபடி சில மீட்டர். குண்டு விழுந்தால் அந்த ஒரு கட்டத்தோடு வெடிப்பு நின்றுவிடும். எதிரி ஒரு முனையில் ஏறிவிட்டாலும் நீளவாக்கில் எல்லோரையும் சுட முடியாது. இது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் உள்ளே நிற்கும்போது வேறொன்று புரிகிறது. உங்கள் கட்டத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேரைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது. இந்தக் கோடு கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை ஓடியது என்பார்கள். அதில் நின்றவன் கண்டது எதிரே மண் சுவர், பின்னால் மண் சுவர், மேலே ஒரு துண்டு வானம், பக்கத்தில் அந்த ஏழெட்டு முகம். மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் பெரிஸ்கோப், இல்லையென்றால் தலையைத் தூக்க வேண்டும். 1915 முடியும்வரை பெரும்பாலான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எஃகுத் தொப்பிகூடக் கிடையாது, துணித்தொப்பிதான்.

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். காலுக்கடியில் பலகைப் பாதை. அதைத் தாங்குவது ஆங்கில ஏ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஒரு மரச்சட்டம். சட்டத்தின் இரண்டு கால்களும் பக்கச் சுவர்களைத் தள்ளிப் பிடிக்கின்றன, குறுக்குக் கட்டையின்மேல் பலகை உட்காருகிறது, கீழே குறுகும் இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. சுவருக்கு முட்டு, நடைபாதை, வடிகால் மூன்றும் ஒரே சட்டத்தில். இன்றைக்கு நாங்கள் இரும்புத் தகடும் ஹைட்ராலிக் முட்டும் வைத்துச் செய்கிற வேலை இது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட வழிகாட்டி, "எல்லோரும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள், நீங்கள் சட்டத்தைப் பார்க்கிறீர்கள்" என்று சொல்லி ஒரு கணக்குச் சொன்னார். 250 மீட்டர் முன்வரிசைக் குழி வெட்ட 450 பேர், ஆறு மணி நேரம். அதுவும் இரவில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல்.

மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு அந்த அரை மீட்டர் நீளத்தைக் களிமண்ணில் வெட்டி, வெட்டிய மண்ணை மூட்டையில் கட்டி முன்னும் பின்னும் அடுக்கி, காலையில் வெளிச்சம் வருவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தோண்டத் தெரிந்த எங்கள் ஆட்களை வைத்துப் பகலில் செய்தாலும் அது கடும் வேலை. ஈரக் களிமண் மண்வெட்டியை விடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் காலால் தட்டி உதற வேண்டும். இவர்கள் அதைச் செய்தது முதுகுக்குமேல் தோட்டா பறக்கும்போது. காலையில் ஒரு குண்டு விழுந்தால் இரவு வேலை முழுக்க சரிந்துவிடும், மறுநாள் இரவு மறுபடி தோண்ட வேண்டும். போர் என்றால் சண்டை என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தக் குழிக்குள் நின்றால் அது தோண்டுவது, சுமப்பது, தண்ணீர் இறைப்பது, சரிந்ததை மறுபடி எடுத்துக்கட்டுவது என்று தெரிகிறது. சண்டை இடையிடையேதான் வந்தது. இந்தச் சுற்று இதைச் சரியாகக் காட்டுகிறது, நான் பணம் கொடுத்ததே இதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இதற்குள் குழியின் இரு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார். "தம்பி, எல்லாம் இருக்கு, கக்கூஸ் எங்கன்னு கேளு." நான் தயங்கினேன். "கேளுப்பா, முதல்ல வெட்டுறதே அதைத்தான்." கேட்டேன். வழிகாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முன்வரிசைக்குப் பின்னால் ஒரு குட்டிக் கிளைக்குழி, அதன் முடிவில் வாளி. சுண்ணாம்புக் குளோரைடு தூவ, இரவில் எடுத்துப் புதைக்க என்றே ஆட்களை ஒதுக்கியிருந்தார்கள் என்று விளக்கினார். எதிரிக்கும் அந்த இடம் தெரிந்துவிட்டால் அங்கே குறிவைத்துச் சுடுவான், அதனால் போய் அதிக நேரம் உட்காரவும் முடியாது. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்கு நெளியாமல், விவரமாகப் பதில் சொல்கிற வழிகாட்டி கிடைப்பது பெரிய விஷயம்.

சிப்பாயின் ஒரு நாளை அவர் அங்கேயே நின்று சொன்னார். விடிவதற்கு முன் எல்லோரும் துப்பாக்கியோடு படியேறி நிற்க வேண்டும், ஏனென்றால் தாக்குதல் பெரும்பாலும் அரைவெளிச்சத்தில்தான் வரும். மாலை மங்கும்போதும் அதேபோல். காலையில் நின்று முடித்ததும் ஆளுக்கு ஒரு மடக்கு ரம். பிறகு துப்பாக்கி துடைப்பது, சோதனை, டின் மாட்டிறைச்சியும் கல் போன்ற பிஸ்கட்டும். பகலில் தலை தூக்க முடியாது என்பதால் முறைவைத்துத் தூக்கம். இருட்டியதும் உண்மையான வேலை தொடங்கும்: முள்கம்பி கட்டுவது, மூட்டை சுமப்பது, தோண்டுவது. குடிதண்ணீர் பெட்ரோல் டின்களில் வரும். குளோரின் வாடையோடு பெட்ரோல் வாடையும் சேர்ந்து, டீ போட்டாலும் அதே வாடை. ஆண்டு முழுவதும் முன்வரிசையிலேயே இருந்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சில நாள் முன்வரிசை, சில நாள் அதற்குப் பின் வரிசை, பிறகு இன்னும் பின்னால் ஓய்வு என்று சுற்றிக்கொண்டே இருப்பார்களாம். ஓய்வு என்று பேருக்குத்தான், இரவானால் முன்வரிசைக்குச் சாமான் சுமக்க இவர்களைத்தான் அனுப்புவார்கள்.

அங்கிருந்து வடக்கே டிக்ஸ்முய்டே. ஐசர் ஆற்றங்கரையில் பெல்ஜியப் படை நான்கு ஆண்டு பிடித்து நின்ற இடம், "சாவுக்குழி" என்றே பெயர். 1914 அக்டோபர் கடைசியில் நியூபோர்ட் மதகுகளைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, ஜெர்மன் படையை இந்தக் கரையோடு நிறுத்தினார்கள். இங்கே மணல்மூட்டைகளைக் கான்கிரீட்டால் செய்து நிரந்தரமாக்கியிருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை ஆண்டு நிற்கிறது. வளைவுகளும் நீளமும் எதிரி எவ்வளவு கிட்டத்தில் இருந்தான் என்பதும் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் சேறு இல்லை. யார்க்ஷயர் ட்ரெஞ்சைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் எனக்கு இது அர்த்தமாயிற்று. வரிசையை மாற்றி இதை முதலில் காட்டினால் இவ்வளவு பதியாது.

மதியச் சாப்பாடு ஒரு பழைய பண்ணைக் களஞ்சியத்தில். ரொட்டி, சூப், சீஸ். முன்கூட்டிச் சொன்னால் சைவமும் உண்டு, சுமார்தான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்த ஒரு மணி நேரம்தான் இந்தச் சுற்றின் சிறப்பு.

சுவரில் இரண்டு கம்பளி ஓவர்கோட்டுகள், அந்தக் கால அளவில் புதிதாகத் தைத்தவை. ஒன்று உலர்ந்தது. மற்றது ஒரு தொட்டிக்குள் சேற்றுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. உலர்ந்ததை முதலில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், கனமான கோட்டு, அவ்வளவுதான். அப்புறம் தொட்டியில் கிடந்ததை எடுக்கச் சொன்னார்கள். ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டதும் முழங்கால் மடங்கியது. ஓரத்திலிருந்து சேறு வழிந்து பூட்ஸுக்குள் இறங்கியது. இதன்மேல் சுமார் 27 கிலோ எடையுள்ள பை, துப்பாக்கி, தோட்டா. இருட்டில், ஓர் அடி அகலப் பலகையில், வழுக்கினால் குண்டுக்குழியில் கழுத்தளவு சேறு. சிப்பாய்கள் கோட்டின் கீழ்ப்பகுதியைக் கத்தியால் அறுத்து எறிந்தார்கள், அதற்குத் தண்டனை உண்டு என்று தெரிந்தும் செய்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கால் அழுகல் நோயைப் பற்றியும் அங்கேதான் பேசினார். நாள்கணக்கில் ஈர பூட்ஸோடு நின்றால் பாதம் மரத்து, வீங்கி, கறுத்துப்போகும். முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேருக்கு வந்தது. பிறகு உத்தரவு போட்டார்கள்: தினமும் காலுறை மாற்ற வேண்டும், திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவன் காலுக்கு மற்றவன் பொறுப்பு. ஒருவன் முன் ஒருவன் உட்கார்ந்து கால் தேய்த்துவிடும் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார். சீலைப்பேனும் அப்படித்தான். சட்டை மடிப்பில் மெழுகுவத்திச் சுடரை ஓட்டிப் பொசுக்குவார்கள். முட்டைகள் தப்பிவிடும், உடல்சூட்டில் மறுபடி பொரிக்கும். பதுங்குகுழிச் சிப்பாய்களைப் படுக்கவைத்த 'குழிக்காய்ச்சல்' என்ற நோயைப் பரப்பியது இந்தப் பேன்தான் என்று 1918-இல்தான் உறுதியானது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் காய்ச்சலில் விழுந்து எழுந்துவிட்டார்கள்.

கடைசியாக ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை நகல். போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு அனுப்ப ராணுவமே அச்சடித்துக் கொடுத்தது. "நான் நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்", "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று வாக்கியங்கள் தயாராக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போடலாம். வேறு ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே எச்சரிக்கை. கடைசி வரிகளில் இரண்டு வாய்ப்பு: "சமீபமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை", "நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை". எங்கே இருக்கிறேன் என்று சொல்ல அனுமதி இல்லை, ஆனால் ஏன் எழுதவில்லை என்று வீட்டாரைக் கேட்க இடம் விட்டிருக்கிறார்கள். இதை யோசித்து அச்சடித்த எழுத்தருக்குச் சிப்பாயின் மனம் தெரிந்திருக்கிறது. போர் உச்சத்தில் வாரத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம் கடிதங்கள் பிரிட்டிஷ் ராணுவ அஞ்சல் வழியாகப் போய்வந்தன. அப்பா பேனாவை வாங்கி, மற்ற வரிகளை நிதானமாக அடித்து, முதல் வரியை மட்டும் வைத்து அம்மா பெயரை எழுதினார். அதை ஊருக்குத் தபாலில் போட்டோம்.

இங்கேதான் என் முதல் குறை. இதே களஞ்சியத்தில் ஒரு மூலையில் எஃகுத்தொப்பியும் மரத் துப்பாக்கியும் வைத்து, போட்டுக்கொண்டு நின்றால் படம் எடுத்துத் தருகிறார்கள். வேனில் வந்த சிலர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். கோட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு இது எனக்கு ஒட்டவில்லை. கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டு வேறிடத்தில் சேர்க்கலாம்.

பிற்பகல் சொன்னபேக் என்ற ஊரில் உள்ள பாஷண்டேல் அருங்காட்சியகம். இங்கே நிலவறையை முழு அளவில் கட்டியிருக்கிறார்கள்: தாழ்ந்த மரக்கூரை, படுக்கைத் தட்டுகள், முதலுதவி அறை, தகவல் தொடர்பு மூலை. 1917-இல் மேலே ஒரு வீடும் ஒரு மரமும் மிஞ்சாதபோது ஆட்கள் இப்படித்தான் பூமிக்குள் குடியிருந்தார்கள். நச்சுவாயுக்களின் வாடையை முகர்ந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. வெளியே பிரிட்டிஷ் குழியும் ஜெர்மன் குழியும் அடுத்தடுத்து. ஜெர்மானியர் பெரும்பாலும் மேட்டில் இருந்தார்கள், தங்க வந்தவர்கள் மாதிரிக் கட்டினார்கள். மிலாறு பின்னி, கான்கிரீட் ஊற்றி. பிரிட்டிஷார் எப்படியும் முன்னேறப்போகிறோம் என்ற எண்ணத்தில் கட்டினார்கள், பள்ளத்தில் இருந்ததால் மேட்டுத் தண்ணீரும் இவர்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. தொழில்முறையில் பார்த்தால் ஜெர்மன் வேலை நேர்த்தி. ஆனால் அங்கே இருந்தவனும் குளிரில்தான் நின்றான், அவனையும் பேன்தான் கடித்தது. வரும் வழியில் லாங்கமார்க்கில் அவர்களின் கல்லறையை நிறுத்திக் காட்டினார்கள். 44,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே, அதில் பாதிக்கு மேல் ஒரே பெருங்குழியில். இரு தரப்பையும் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது குறை பெரியது. டைன் காட் கல்லறைக்கு இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய காமன்வெல்த் போர்க்கல்லறை அது. கிட்டத்தட்ட 12,000 கற்கள், பெயர் தெரியாதவர்களே அதிகம். பின்சுவரில் உடல் கிடைக்காத சுமார் 35,000 பேரின் பெயர்கள். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை நடந்த பாஷண்டேல் போரில் பிரிட்டிஷ் தரப்பு முன்னேறியது சுமார் 8 கிலோமீட்டர். அந்தச் சரிவில் நின்று ஈப்பர் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தால் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் பெயர்ச்சுவரின் ஒரு வளைவைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது குறை, நம் ஆட்களைப் பற்றி. காலையிலிருந்து இந்தியச் சிப்பாய்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டால் நிறைய சொல்கிறார், விவரம் தெரிந்தவர், ஆனால் கேட்டால்தான். 1914 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் பிரான்ஸின் மார்சே துறைமுகத்தில் இறங்கிய லாகூர், மீரட் படைப்பிரிவுகள் அக்டோபரிலேயே இந்தப் பகுதியில் குழிக்குள் இருந்தன. பலர் வெப்ப நாட்டுப் பருத்தி உடையோடு. அக்டோபர் 31 அன்று ஹோல்லபேக்கில் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் பிடித்து நின்ற குதாதாத் கான்தான் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். 1915 ஏப்ரல் 22-இல் ஈப்பர் அருகே குளோரின் வாயு திறந்துவிடப்பட்டது. நான்கே நாளில் லாகூர் பிரிவை வீல்ட்யே பக்கம் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். சரியான முகமூடி என்று ஒன்று இல்லாத நேரம், ஈரத்துணிதான். அங்கே ஜமேதார் மீர் தஸ்த், அதிகாரிகள் விழுந்தபிறகு எஞ்சியவர்களைச் சேர்த்துப் பிடித்து நின்று, காயம்பட்ட எட்டு அதிகாரிகளைச் சுமந்துவர உதவினார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். அவருடைய சகோதரர் மீர் மஸ்த் அதற்கு முந்தைய மாதம்தான் ஜெர்மன் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். வீல்ட்யே எங்கள் வேன் போன சாலைக்கு அருகில்தான் இருக்கிறது, நிறுத்தவில்லை.

அப்பா சேப்பர்களைப் பற்றிக் கேட்டார். இந்திய சேப்பர்கள் இருந்தார்கள், ஆனால் இங்கே வந்த கம்பெனிகள் பம்பாய், வங்காளப் பிரிவுகளைச் சேர்ந்தவை. 1914 அக்டோபர் 28 அன்று பிரான்ஸில் உள்ள நவ் ஷபேலில், 47-ஆம் சீக்கியப் படையோடு இரண்டு சேப்பர் கம்பெனிகளைக் காலாட்படை போல ஊருக்குள் அனுப்பினார்கள். தெருத்தெருவாகச் சண்டை. சேப்பர்களின் பிரிட்டிஷ் அதிகாரிகளில் அடிபடாமல் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. "பாலம் கட்டுறவனைப் பயனெட்டோட அனுப்பியிருக்கான்" என்று அப்பா வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தார். முள்கம்பி வேலியை வெடித்துத் திறக்கும் பெங்களூர் டார்ப்பிடோ மெட்ராஸ் சேப்பர்ஸில் 1912-இல் உருவானது என்று அவர் சொன்னதும் வழிகாட்டி குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். டார்ப்பிடோ அவருக்குத் தெரியும், உருவான படைப்பிரிவு தெரியாது. நம் தம்பிகள் கை வைத்த வேலை என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சேப்பர்ஸில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

பதிவு செய்பவர்களுக்குச் சில விஷயங்கள். உறுதிச் செய்தி எங்களுக்கு முதல் நாள் மாலைதான் வந்தது, அதுவரை அறையை ரத்து செய்வதா வேண்டாமா என்று தவித்தோம். பணம் கட்டிய மறுநாளே ஒருமுறை எழுதிக் கேட்டுவிடுங்கள். அதே கடிதத்தில் இந்தியப் படை இருந்த இடங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். வேனில் நீங்கள் நான்கு பேர் இருந்தால் பாதை மாற்றித் தருகிறார்களாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிலவறைப் படிகள் சிரமம், அப்பா மெதுவாக இறங்கிவிட்டார். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அழைத்துப் போகமாட்டேன். வயல் ஓரத்தில் துருப்பிடித்த உலோகம் எது கிடந்தாலும் தொடக் கூடாது. உழவில் இன்றும் ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன, விவசாயிகள் ஓரமாக வைக்க, ராணுவம் வந்து எடுத்துப் போகிறது. நாங்களும் ஒன்றை மின்கம்பத்தடியில் பார்த்தோம், வழிகாட்டி வேனை நிறுத்தவே இல்லை.

இரவு எட்டு மணிக்கு ஈப்பரின் மெனின் கேட் நினைவு வாயிலில் நடக்கும் ஊதுகொம்பு அஞ்சலிக்கு ஏழு மணிக்கே போய்விடுங்கள், இல்லையென்றால் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். அங்கே சுவரில் உள்ள ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் நம் படையினர் பெயர்களும் உண்டு, வெளிச்சம் இருக்கும்போதே தேடிக்கொள்வது நல்லது. மறுநாள் நேரம் இருந்தால் பொப்பரிங்கே ஊருக்கு ரயிலில் போய் டால்பட் ஹவுஸைப் பாருங்கள். 1915 டிசம்பரில் சிப்பாய்களுக்காகத் திறந்த ஓய்வு இல்லம், உள்ளே வந்தால் பதவி வித்தியாசம் கிடையாது என்று எழுதி வைத்தே நடத்தினார்கள். இன்றும் தங்கலாம், சமையலறையில் டீ தருகிறார்கள். அப்பா இரண்டு கோப்பை குடித்தார், பாலும் சர்க்கரையும் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.